கதையில வர்ற பொண்ணுங்க எல்லாம் என்ன வேலை பாக்குறாங்க?

சாத்தூர்க்காரி:
எங்கம்மாவுக்கு 71 வயசு. முப்பது வருஷம் தீப்பெட்டி ஆபீஸ்ல கட்டை அடுக்குனவங்க, அதாவது தீக்குச்சிய சட்டத்துல வரிசையா அடுக்குற வேலை. அஞ்சாவது வரைக்கும்தான் படிப்பு, ஆனா ராணிமுத்து ஒண்ணு விடமாட்டாங்க, ஒரு புக்கு தெரு முழுக்க சுத்திட்டு அட்டை இல்லாமத்தான் திரும்பி வரும். கண் ஆபரேஷனுக்கு அப்புறம் ராத்திரி சாப்பிட்டு முடிச்சதும் நான்தான் வாசிச்சுக் காட்டுறேன். போன வாரம் ஜெயகாந்தனோட 'சில நேரங்களில் சில மனிதர்கள்' முடிச்சோம். முடிச்சுட்டு நான் பெருசா ஏதோ சொல்லப் போறாங்கன்னு பார்த்தா, "அந்த கங்கா தினம் ஆபீஸ் போறாள்ல, அங்க போயி என்னத்தச் செய்யிறா? சம்பளத்த யாருகிட்ட குடுக்குறா?"ன்னு கேட்டாங்க.

எனக்குப் பதில் தெரியலை. நான் இதை மூணாவது தடவை வாசிக்கிறேன். மழை, கார், அந்த மாமா, எல்லாம் மனப்பாடமா இருக்கு. அவ வேலை மட்டும் நெனப்புல நிக்கவே இல்ல. அப்புறம் யோசிச்சுப் பார்த்தா எனக்குப் புடிச்ச நாவல் முக்கால்வாசியில அந்தப் பொண்ணு கெட்டாளா கெடலையாங்கிறது தெரியுது, காலைல எந்திரிச்சு என்ன வேலை பாத்தா, எவ்வளவு கூலிங்கிறது தெரியமாட்டேங்குது. இது எனக்கு மட்டுமா, இல்ல தமிழ்க் கதையே இப்படித்தானா? பெரியவங்க சொல்லுங்க.

பழையபேப்பர்கடை:
நல்ல கேள்வி அம்மணி. உங்கம்மாவுக்கு என் வணக்கம் சொல்லுங்க. நான் கொஞ்சம் பின்னாடி போறேன், கோவிச்சுக்காதீங்க, ரிட்டையர் ஆனவனுக்கு வேற என்ன வேலை.

சங்கப் பாட்டுல வேலை செய்யிற பொண்ணு நெறைய இருக்கா. ஆனா எங்க இருக்கான்னு பாருங்க. நற்றிணை 353, கபிலர் பாட்டு. மலை மேல மேகம் தவழுது, அது எப்படி இருக்குன்னா 'ஆளில் பெண்டிர் தாளின் செய்த நுணங்கு நுண் பனுவல்' மாதிரி இருக்காம். ஆம்பளைத் துணை இல்லாத பொம்பளைங்க தன் உழைப்பால நூத்த பஞ்சு நூல். யோசிச்சுப் பாருங்க, ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடியே தனியா இருக்கிற பொண்ணு நூல் நூத்துப் பொழைச்சிருக்கா, கவிஞனுக்கு அது தெரிஞ்சும் இருக்கு. ஆனா அவ பாட்டுக்குள்ள உவமையாத்தான் வர்றா, பாட்டு மேகத்தைப் பத்தி.

இன்னொண்ணு புறநானூறு 326. ராத்திரி காட்டுப்பூனையைப் பார்த்து ஒரு பெட்டைக்கோழி பயந்து கத்துது. பக்கத்துல பருத்திப் பெண்டு ஒருத்தி தூசு தும்பு தட்டி எடுக்க எந்திரிச்சு சின்னதா விளக்கு ஏத்துறா, அந்த வெளிச்சத்துல சேவல் நிக்கிறதைப் பார்த்து கோழி அமைதியாகுது. ராத்திரி நேரத்துல எந்திரிச்சு வேலை பாக்குறவ அவ, ஆனா விளக்கு வெளிச்சத்துல பாட்டு பாக்குறது கோழியை. எழுதுனவர் பேரு தங்கால் பொற்கொல்லனார். தங்கால்னா உங்க சிவகாசி பக்கத்துத் திருத்தங்கல்னு சொல்லுவாங்க.

சாத்தூர்க்காரி:
ஐயா, கோழி சமாச்சாரத்தை அம்மாகிட்ட சொன்னேன். "அந்தப் பஞ்சுக்காரிக்கு கோழி இருந்துச்சுன்னா அவ பரவால்ல, வசதிதான்"னு சொல்லிட்டாங்க.

தஞ்சாவூர்டிகிரி:
மன்னிக்கணும், இது ஒரு தலைப்பட்சமா போகுது. அகநானூறு 140 இருக்கே, அம்மூவனார். உமணர் வீட்டுப் பொண்ணு தெருத்தெருவா போயி 'நெல்லின் நேரே வெண்கல் உப்பு'ன்னு கூவி விக்கிறா, நெல்லுக்குச் சரியா உப்புன்னு பண்டமாற்று ரேட்டே சொல்லியிருக்கார். அவ உவமை இல்ல சார், அவதான் தலைவி. அதே உமணப் பொண்ணு 390லயும் வர்றா. வியாபாரம் பண்ற பொண்ணு மேலதான் அவனுக்குக் காதல் வருது. இதைவிட என்ன வேணும்?

பழையபேப்பர்கடை:
ஒத்துக்கறேன், அது அருமையான பாட்டு. ஆனா தம்பி, அந்தக் குரலைக் கேட்டு நாய் குரைக்குது, அவ பயப்படுறா, பயந்ததும் அவன் அவ கண்ணைப் பாக்குறான், ரெண்டு கயல் மீன் சண்டை போடுற மாதிரி இருக்குன்னு. அதுக்கப்புறம் பாட்டு முழுக்க அவன் படுற பாடுதான். உப்பு வித்துச்சா இல்லையா, அன்னைக்கு எவ்வளவு நெல்லோட வீட்டுக்குப் போனா, அது கடைசி வரைக்கும் தெரியாது.

தஞ்சாவூர்டிகிரி:
சார், அது அகப்பாட்டு. ரேஷன் கடைக் கணக்கு இல்ல.

நைட்ஷிப்ட்:
ஹாஹா ரேஷன் கடை. ஆனா அந்த அம்மா கேட்டது கரெக்ட்தானே, ரேஷன் கடை போறதும் வாழ்க்கைதானே அண்ணா.

பீஸ்ரேட்டு:
திருப்பூர்ங்க. நானும் என்ற ஊட்டுக்காரரும் பனியன் கம்பெனிதானுங்க, அவரு கட்டிங், நான் ஓவர்லாக். இந்த இழையப் பாத்ததும் சிலப்பதிகாரம் நெனப்பு வந்துச்சுங்க, பையனுக்குப் பாடம் சொல்லிக் குடுக்கறப்ப வாசிச்சது. கண்ணகி தெரியும், மாதவி தெரியும், மாதரிய யாருக்காச்சும் தெரியுமுங்களா? மதுரையில கண்ணகிக்கு எடம் குடுத்த ஆயர்சேரிக் கெழவி. வழியில வந்த ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போயி, தன்ற மகளையே கண்ணகிக்கு ஒத்தாசைக்கு உட்டு, அரிசி பருப்பு தயிருன்னு குடுத்தவ. பொறவு கோவலனை வெட்டிப்போட்டதும், நம்பி வந்தவங்களக் காப்பாத்த முடியலையேன்னு அவளும் தீயில உழுந்து செத்துப்போறா. அது வஞ்சிக் காண்டத்துல சேரன் கிட்ட மாடலன் சொல்ற சேதியா ரெண்டு வரியில வந்து போயிருது. கண்ணகிக்கு மெரினாவுல செலை 1968லயே வெச்சாங்க, 2001ல எடுத்தாங்க, 2006ல திரும்ப வெச்சாங்க, ஊரே சண்ட போட்டுச்சு. பால் தயிரு வித்துப் பொழச்ச மாதரிக்கு ஒண்ணுமில்லீங்க. எனக்கு அது ரொம்ப நாளா மனசுல இருக்குது.

சாத்தூர்க்காரி:
அக்கா, இதை நான் யோசிச்சதே இல்ல. ஸ்கூல்ல மாதரி ஒரு மார்க் கேள்வி. "கண்ணகி யாரிடம் அடைக்கலமாக விடப்பட்டாள்."

கொம்பன்77:
இப்பத்தான் எல்லாத்துலயும் பொம்பளைங்க ராஜ்யம் ஆயிடுச்சே, ஓசி பஸ் வேற. இன்னும் என்ன வேணுமாம். கதையிலயும் பென்ஷன் கேக்குறீங்களா

பீஸ்ரேட்டு:
கேக்கறமுங்க தம்பி, குடுங்க. ஓசி பஸ்ல ஏறி நான் கம்பெனிக்குத்தான் போறேன், கோயிலுக்கு இல்ல. 2021க்கு முன்னாடி பஸ்சுக்கே மாசம் பாதி வாரக் கூலி போயிருமுங்க.

தஞ்சாவூர்டிகிரி:
கொம்பனை விடுங்க. நான் சீரியஸா கேக்குறேன். நவீன இலக்கியத்துக்கு வருவோம். புதுமைப்பித்தனோட 'பொன்னகரம்', 1934. அம்மாளு மில் கூலி. புருஷன் அடிபட்டுக் கிடக்கான், பால் கஞ்சி வேணும், இருட்டுச் சந்துல போயி முக்கால் ரூபாய் சம்பாதிக்கிறா. தொகையோட எழுதியிருக்கார் சார்! கற்பு கற்புன்னு கதைக்கிறவங்களைப் பார்த்து கடைசி வரியில திட்டவும் செய்யிறார். அப்ப உங்க தியரி எங்க நிக்கும்?

பழையபேப்பர்கடை:
உண்மையில அதுதான் என் தியரிக்கு முதல் சாட்சி. தமிழ்ச் சிறுகதையில ஒரு பொண்ணோட வருமானத்தைக் காசு கணக்கா சொன்ன மறக்கமுடியாத இடம் அது, ஆனா அந்த முக்கால் ரூபாய் எதுக்கு வந்ததுன்னு பாருங்க. மில்லுல அவ வாங்குற கூலி எவ்வளவுன்னு யாருக்காவது நெனப்பு இருக்கா? புதுமைப்பித்தன் மேல குத்தம் சொல்லலை, அவர் கற்புப் பேச்சை உடைக்கத்தான் எழுதினார். உடைக்கணும்னாலும் அதே இடத்துல போயித்தான் அடிக்கணும், அவ்வளவு கெட்டியா இருந்திருக்கு அது.

அப்புறம் 1966ல ஆனந்த விகடன்ல ஜெயகாந்தனோட 'அக்கினிப் பிரவேசம்' வந்தப்ப நான் சின்னப் பையன், மழையில ஒருத்தன் கார்ல ஏறிக் கெட்டுப்போயி வந்த பொண்ணை அம்மா தலையில தண்ணி ஊத்தி மன்னிக்கிற கதை, எங்க வீட்டுத் திண்ணையில சண்டையே நடந்துச்சு. அந்தப் பொண்ணை மன்னிக்கலாமா கூடாதா. மாமா ஒருத்தர் எந்திரிச்சுப் போயிட்டார், சாப்பிடாம. மறுப்புக் கதையெல்லாம் கூட ஆட்கள் எழுதினாங்க. அம்மா மன்னிக்காம இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு ஜெயகாந்தனே பெரிய நாவலா எழுதினார், அதுதான் நீங்க வாசிச்சது, 1972ல சாகித்ய அகாடமி கிடைச்சது. அந்த நாவல்ல கங்கா படிச்சு, உத்தியோகத்துக்குப் போயி, சொந்தக் கால்ல நிக்கிறா. அது அவர் எழுதத்தான் செஞ்சார். நாமதான் அதைத் தாண்டிப் போயி பழைய கேள்வியவே திரும்பக் கேட்டோம். சாத்தூர் அம்மணி மூணு தடவை வாசிச்சும் நெனப்புல நிக்கலைன்னா பழி பாதி வாசகன் மேலயும் வரணும்.

சாத்தூர்க்காரி:
ஒத்துக்கறேன் ஐயா. குட்டு வாங்கிட்டேன். இப்ப திருப்பிப் புரட்டிட்டு இருக்கேன்.

தஞ்சாவூர்டிகிரி:
சரி, ஜானகிராமன்? அவரை மாதிரி பெண்களை எழுதினவங்க யாரு இருக்கா? 'மோகமுள்' யமுனா, 'அம்மா வந்தாள்' அலங்காரம், 'மரப்பசு' அம்மணி. ஒவ்வொருத்தியும் ஒரு காலகட்டத்தையே ஆட்டிட்டுப் போனா.

நைட்ஷிப்ட்:
அண்ணா நான் மோகமுள் மட்டும் படிச்சேன், ஹாஸ்டல்ல ஒரு அக்கா குடுத்தாங்க. எழுத்து செமயா இருந்துச்சு, உண்மையிலேயே. ஆனா யமுனா பட்டினி கிடந்து உடம்பு வத்திப் போயி மெட்ராஸுக்கு வர்ற இடம் இருக்குல்ல, எனக்கு அங்கதான் தொண்டை அடைச்சுச்சு. நெட்ல தேடிப் பார்த்தா எல்லாரும் அந்தக் கடைசி வசனத்தைப் பத்தியே எழுதியிருக்காங்க, அவ எத்தனை வேளை சாப்பிடாம இருந்தாங்கிறதைப் பத்தி ஒருத்தரும் எழுதலை. சொத்து ஏன் இல்லாமப் போச்சு, அம்மாவும் பொண்ணும் எதை வித்துச் சாப்பிட்டாங்க, அதெல்லாம் கதையில இருக்கு, பேச ஆள் இல்ல. நான் சொல்றது தப்பா இருந்தா திட்டாதீங்க.

தஞ்சாவூர்டிகிரி:
தப்பு இல்லம்மா. நானும் அந்த வசனத்தைத்தான் டி-ஷர்ட்ல போடலாமான்னு ஒரு காலத்துல யோசிச்சவன். திரும்ப வாசிக்கிறேன்.

சாத்தூர்க்காரி:
சரி, பொண்ணுங்களே எழுதுனது என்ன ஆச்சு? எனக்குத் தெரிஞ்சு ராஜம் கிருஷ்ணன்தான் வேலை நடக்குற எடத்துக்கே போயி உக்காந்து எழுதுனவங்க. 'கரிப்பு மணிகள்' வாசிச்சிருக்கீங்களா? தூத்துக்குடி உப்பளம். பொன்னாச்சி, அவ தம்பி பச்சை. அளத்துல காலு வெடிக்கிறது, வெள்ளை உப்புல வெயில் பட்டு கண்ணு கூசி எரியிறது, கூலியப் புடிக்கிறது, மேல இருக்குறவன் கை வைக்கப் பாக்குறது எல்லாம் ஒரே மூச்சுல வரும், தனித்தனியா வராது. அதுதான் எனக்குப் புடிச்சது, ஏன்னா நிஜத்துலயும் அது தனித்தனியா வராது. இப்ப தஞ்சாவூர்டிகிரி சொன்ன அகநானூறு உமணப் பொண்ணைப் படிச்சதும் எனக்கு பொன்னாச்சிதான் ஞாபகம் வந்தா. அதே கடற்கரை உப்பு. இந்தப் பொண்ணுக்கு மட்டும் கணக்குத் தெரியும்.

எங்க சைடு கதையும் அவங்க எழுதியிருக்காங்க, 'கூட்டுக் குஞ்சுகள்', சிவகாசிப் பக்கம் தீப்பெட்டி வேலைக்குப் போற பிள்ளைங்க. விடியக்காலைல பஸ் வந்து பிள்ளைங்கள அள்ளிட்டுப் போறது. எங்கம்மாவுக்கு அதை வாசிச்சப்ப ஒரு பக்கத்துல நிறுத்தச் சொல்லிட்டாங்க, "போதும், எனக்குத் தெரியும்"னு. நிறுத்திட்டேன். இன்னும் முடிக்கலை.

பழையபேப்பர்கடை:
சாகித்ய அகாடமி தமிழுக்குப் பொண்ணு ஒருத்தருக்குக் கிடைச்சது முதல்ல அவங்களுக்குத்தான், 1973, 'வேருக்கு நீர்'. கடைசி காலம் முதியோர் இல்லத்துலயும் ஆஸ்பத்திரியிலயும் போச்சு. உயிரோட இருக்கும்போதே 2009ல அரசு அவங்க எழுத்தை நாட்டுடைமை ஆக்குச்சு, 2014ல போயிட்டாங்க. உப்பளத்துக் கூலி முழுசா எழுதினவங்களுக்கு எழுத்துல வந்த கூலி எவ்வளவுன்னு நெனச்சா சங்கடமா இருக்கு.

எழுத்தையே தொழிலா நடத்தினவங்களும் உண்டு. வை.மு.கோதைநாயகி அம்மாள். அஞ்சு வயசுல கல்யாணம், பள்ளிக்கூடம் போனதில்ல, முதல்ல கதையைத் தோழி ஒருத்தர்கிட்ட வாயால சொல்லித்தான் எழுத வெச்சாங்க. அப்புறம் 1925ல ஜகன்மோகினி பத்திரிகையை எடுத்து திருவல்லிக்கேணியில இருந்து வருஷக்கணக்கா நடத்தினாங்க, 115 நாவல் எழுதினாங்க, ஜெயிலுக்கும் போனாங்க. அவங்க கதையில வர்ற பொண்ணுங்களை விட அவங்க வாழ்க்கை பல மடங்கு முன்னாடி இருந்துச்சு. இந்த விசித்திரத்தை நான் நெறைய பேர்கிட்ட பார்த்திருக்கேன், எழுதுறவ பிரஸ் நடத்துறா, பேப்பர் விலை பேசுறா, எழுதுற கதாநாயகி மட்டும் புருஷன் கால்ல விழுறா. விக்கணும்ல.

கொழுந்துக்கூடை:
வணக்கம். நான் இலங்கையில அட்டன் பக்கம், தேயிலைத் தோட்டத்துல பிறந்து வளர்ந்தவ, இப்ப டீச்சர். எங்க அம்மாயி காலத்துல தென்மாவட்டத்துல இருந்து கங்காணி கூட்டிட்டு வந்த குடும்பம். அதனால உங்க இழை எனக்கும் சொந்தம்னு நெனைக்கிறேன்.

எங்க பக்கம் கதையில பொண்ணு வேலை பாக்காம இருக்கவே முடியாது, ஏன்னா தோட்டமே பொண்ணு கையாலதான் ஓடுது. கோகிலம் சுப்பையா எழுதுன 'தூரத்துப் பச்சை' வாசிச்சுப் பாருங்க. காலையில பிள்ளையத் தூக்கிட்டு பிள்ளைக்காம்பிராவுல, அதாவது பிள்ளைகளப் பாத்துக்கிற எடத்துல விட்டுட்டு மலையேறணும், அட்டை கடிக்கும், நிறுவையில கிலோ குறைஞ்சா அரைப்பேர்தான் போடுவாங்க. அரைப்பேர்னா அன்னைக்கு அரை நாள் சம்பளம். ஒரு மனுசிக்கு அரைப்பேர்னு ஒரு சொல்லு, கேக்கவே எப்படி இருக்கு பாருங்க, ஆனா எங்களுக்கு அது சாதாரணச் சொல்லு, யாரும் நின்னு யோசிக்கிறதில்ல. ஆம்பளைக்கும் பொம்பளைக்கும் ஒரே நாள் சம்பளம்னு இங்க வந்ததே 1984லதான். அதுக்கு முன்னாடி கொழுந்தும் அவ எடுக்கணும், சம்பளமும் குறைவு.

பாட்டும் உண்டு. மீனாட்சியம்மாள் நடேசய்யர்னு ஒருத்தங்க, தோட்டத் தொழிலாளி கூட்டம் நடக்கும்போது மேடையேறிப் பாட்டுப் பாடித்தான் ஆட்களைச் சேர்த்தாங்க. பொம்பளை மேடையில பாடுறதே கூத்துன்னு இருந்த காலம். ஆனா தேயிலை விளம்பரத்துல வர்ற எங்களைப் பார்த்தீங்கன்னா, பொட்டு வெச்சு சிரிச்சுட்டு இருப்போம். அந்தப் படத்துல ஒரு அட்டைக்கடி கூட இருக்காது.

சாத்தூர்க்காரி:
டீச்சர், 'அரைப்பேர்' படிச்சதும் கை அப்படியே நின்னுருச்சு.

பீஸ்ரேட்டு:
எங்க சொல்லு ஒண்ணும் சொல்றனுங்க. சுமங்கலித் திட்டம். கேள்விப்பட்டிருப்பீங்க. கல்யாணமாகாத புள்ளைங்கள நூல் மில்லு ஹாஸ்டல்ல மூணு வருசம் வெச்சு வேலை வாங்கிட்டு கடைசியில மொத்தமா ஒரு தொகை, கல்யாணச் செலவுக்குன்னு. நடுவுல ஒடம்பு சரியில்லன்னு ஊருக்குப் போயிட்டா அதுவும் இல்லீங்க. அது அவ சம்பளம், அவ ஒழச்ச காசு. அதுக்கு எதுக்குங்க சுமங்கலின்னு பேரு? ஆம்பளப் பையன் மூணு வருசம் வேலை செஞ்சா அவன் பணத்துக்கு மாப்பிள்ளைத் திட்டம்னு பேரு வெப்பாங்களா? என்ற சித்தப்பா மக அப்படித்தான் போனா. திரும்பி வந்தப்ப நகை வாங்கினாங்க, அவளக் கேக்காம.

பழையபேப்பர்கடை:
இதே மாதிரி ஒரு பேர் மாத்தம் அரசாங்கத்துலயும் நடந்துச்சு, கவனிச்சீங்களா? மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பேர்ல 1989ல கொண்டுவந்த திட்டம், ஏழைப் பொண்ணுங்களுக்குத் திருமண உதவி. இவ்வளவு வகுப்பு படிச்சிருந்தாத்தான் பணம்னு வெச்சதால பெத்தவங்க பொண்ணைக் கொஞ்சம் கூடப் படிக்க வெச்சாங்க, அது நல்ல தந்திரம். அப்புறம் தாலிக்குத் தங்கமும் சேர்ந்துச்சு, முதல்ல 4 கிராம், பின்னாடி 8 கிராம். 2022ல அதையே உயர்கல்வித் திட்டமா மாத்திட்டாங்க, அரசுப் பள்ளியில படிச்ச பொண்ணு காலேஜ் போனா மாசம் 1000 ரூபாய், அவ அக்கவுண்ட்லயே. பேரு புதுமைப் பெண், பாரதியார் வெச்ச சொல்லு.

தாலியில இருந்து காலேஜுக்கு வர 33 வருஷம். இதுல எனக்கு வேடிக்கை என்னன்னா, அந்த மூவலூர் அம்மா 1936லயே ஒரு நாவல் எழுதினவங்க, 'தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்'. தன் தேவதாசி குலத்துப் பொண்ணுங்களை வெச்சு யார் யார் காசு பார்த்தாங்கன்னு வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டுன்னு எழுதினாங்க. எழுத்து கரடுமுரடா இருக்கும், இலக்கியக்காரங்க மூக்கைச் சுளிப்பாங்க. ஆனா நம்ம இழையில கேட்ட கேள்வி, காசு யார் கைக்குப் போச்சு, அதை அவங்க அப்பவே கேட்டுட்டாங்க.

தஞ்சாவூர்டிகிரி:
பாமாவோட 'சங்கதி'யையும் சேர்த்துக்கங்க, 1994. தலித் பொண்ணுங்க காட்டு வேலை, ஆம்பளைக்கு ஒரு கூலி பொம்பளைக்கு ஒரு கூலி, கிணத்து வேலையில அடிபடுற மரியம்மா. நான் முதல்ல வாசிச்சப்ப இது நாவலே இல்ல, வெறும் பேச்சுன்னு நெனச்சேன். இந்த இழையைப் படிச்சுட்டு இப்ப நான் நெனச்சது சரியான்னு சந்தேகமா இருக்கு. வேலை பாத்துக்கிட்டே பேசுறவங்க அப்படித்தான் பேசுவாங்க போல. அம்பையையும் யாரும் சொல்லலை. வீட்டின் மூலையில இருக்கிற அந்தச் சமையலறைக் கதை, 1988ல அதே பேர்ல தொகுப்பா வந்துச்சு. ஜன்னலைப் பெருசு பண்ணி ஒரு தொட்டி வெச்சா என்னன்னு மருமக கேட்டதுக்கே அந்த வீடு படுற பாடு. கூலியே இல்லாத வேலைக்கும் ஒரு ஃபேக்டரி இருக்குன்னு காட்டின கதை அது.

பீஸ்ரேட்டு:
சமையக்கட்டு ஜன்னல்னு சொன்னதும் சொத்து நெனப்பு வந்துருச்சுங்க. பெரியார் கூட்டின செங்கல்பட்டு மாநாட்டுல 1929லயே பொண்ணுக்குச் சொத்துல சமபங்குன்னு தீர்மானம் போட்டாங்க. தமிழ்நாட்டுல சட்டம் 1989ல, டெல்லியில 2005ல. எங்கப்பா காலமானதும் எங்கண்ணன் ஒரு பேப்பர் கொண்டாந்தாருங்க. விடுதலைப் பத்திரம். நான் பங்கை உட்டுக் குடுத்ததுக்குப் பேரு விடுதலை. கையெழுத்துப் போட்டுட்டு வெளிய வந்து ஆளுக்கொரு காப்பி குடிச்சோம், அண்ணன்தான் காசு குடுத்தாரு. சீரு செனத்தி வேணுமுல்லங்க, பொறந்த ஊட்டு வாசல் அடைச்சுப்போச்சுன்னா எங்க போறது. இதை ஒருத்தரு கதையா எழுதினா நான் வாசிப்பனுங்க.

கொம்பன்77:
அக்கா உங்க அண்ணன் பண்ணது தப்புதான். எங்க வீட்லயும் இதே பத்திரம் போட்டோம், தங்கச்சி கையெழுத்து போட்டுச்சு. சரி விடுங்க

பீஸ்ரேட்டு:
உடறதுக்கு என்னங்க தம்பி, தங்கச்சிக்கு போன் பண்ணிப் பேசுங்க.

நைட்ஷிப்ட்:
நானும் ஒண்ணு சொல்லலாமா. நான் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போன் அசெம்பிளி கம்பெனியில லைன்ல நிக்கிறேன், ஊரு திருவண்ணாமலை பக்கம். நாட்டுல ஃபேக்டரியில வேலை பாக்குற பொண்ணுங்கள்ல பத்துக்கு நாலு பேரு தமிழ்நாட்டுலதானாம், நியூஸ்ல போட்டாங்க. எங்க ரூம்லயே 8 பேரு. எல்லாரும் போன்ல ஆப்ல கதை படிப்போம், பஸ்ல போகும்போது வரும்போது. அதுல ஹீரோயின் கட்டாயம் வேலைக்குப் போவா, அதெல்லாம் மாறிடுச்சு. ஆனா எங்க போவான்னா ஹீரோ கம்பெனிக்கு. அவன் எம்டி, இவ பிஏ. ஃபைலை கீழ போடுவா, அவன் திட்டுவான், கண்ணைப் பாப்பான். (அந்த உப்பு விக்கிற பொண்ணு மாதிரியே இல்ல? நாய்க்கு பதில் ஃபைலு.) சம்பளம் வந்துச்சான்னு ஒரு எபிசோட்ல கூட வராது.

அதனால நானே ஒண்ணு எழுதுறேன், 14 எபிசோட் போட்டாச்சு. லைன்ல நிக்கிற பொண்ணு, ஹாஸ்டல், ஊருக்குப் பணம் அனுப்புறது, மீதி 1300 ரூபாயை வெச்சு மாசத்தை ஓட்டுறது. மொத்தம் 212 பேரு படிச்சிருக்காங்க. கமெண்ட் பூரா "சிஸ் லவ் ட்ராக் எப்போ" "ஹீரோ என்ட்ரி குடுங்க சிஸ்". ஒருத்தி மட்டும் "எங்க ஹாஸ்டல்லயும் இதே கதைதான், குளிக்க 4 மணிக்கு லைன் நிக்கணும்"னு போட்டிருந்தா. அந்த ஒரு கமெண்ட்டுக்காகத்தான் எழுதிட்டு இருக்கேன். லவ் வெக்கக் கூடாதுன்னு இல்ல, எனக்கும் லவ் புடிக்கும், வரும். ஆனா அவளுக்கு லீவு கெடச்சாத்தானே வரும்.

பழையபேப்பர்கடை:
குழந்தை, அந்தக் கதையோட லிங்கை இங்க போடு. எனக்கு ஆப் போடத் தெரியாது, பேரனைக் கேட்டுப் போட்டுக்கறேன். எழுத்துப்பிழை இருந்தா மட்டும் சொல்லுவேன், ஹீரோவெல்லாம் கேக்கமாட்டேன்.

கொழுந்துக்கூடை:
எனக்கும் அனுப்புங்க தங்கச்சி. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாசிச்சுக் காட்டணும். இங்க இருந்தும் கொழும்புக்கு கார்மென்ட்ஸ் வேலைக்குப் போறதுக்குத்தான் பாதிப்பேரு காத்துட்டு இருக்குதுங்க.

சாத்தூர்க்காரி:
நேத்து ராத்திரி நைட்ஷிப்ட் தங்கச்சியோட கதை 14 எபிசோடும் அம்மாவுக்கு வாசிச்சேன். பதினொண்ணரை மணி ஆயிடுச்சு, தூங்கச் சொன்னா கேக்கலை. கட்டை அடுக்குறதுக்கும் அந்த லைனுக்கும் ஒண்ணும் பெரிய வித்தியாசம் இல்லைன்னாங்க, நின்னுட்டே செய்யிறதுதான் கூட கஷ்டமாம், இவங்க உக்காந்துதான் செஞ்சாங்க, அதனாலதான் முதுகு போச்சு. அப்புறம் ஒரு கேள்வி கேக்கச் சொன்னாங்க, அப்படியே போடுறேன்: "டார்கெட்டு டார்கெட்டுன்னு எழுதியிருக்கியே தாயி, அது எட்டலேன்னா என்ன செய்வாங்க? எங்களுக்கு கணக்குல கட்டையக் குறைப்பாங்க. ஒனக்கு என்ன?"

நைட்ஷிப்ட்:
அம்மாவுக்கு வணக்கம் சொல்லுங்க அக்கா. எல்லார் முன்னாடியும் நிக்க வெச்சுத் திட்டுவாங்க, அப்புறம் பிரேக்ல பத்து நிமிஷம் போயிடும். 15வது எபிசோட்ல அதுதான் வருது, பாதி எழுதிட்டேன். இப்ப பஸ் வந்துருச்சு, நாளைக்குக் காலைல ஷிப்ட் முடிஞ்சு போடுறேன்.